ஈரமில்லை உறுதிமொழி

ரஞ்சிதாவுக்கு ஏதாவது ஒரு கௌரவம் கிடைத்துவிட்டால் முதல் வாழ்த்து ஜெபக்குமாரிடமிருந்துதான் போகும். இரண்டு பூங்கொத்து, ஒரு கைதட்டல், ‘பெருமையா இருக்கு ரஞ்சி’ என்று ஒரு வரி. இதை அவன் போனில் தயாராகவே வைத்திருந்தான். அவளுக்கு வருகிற கௌரவங்களுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால் கை வலிக்கும். அனுப்பி முடித்ததும் வயிறு எரியத் தொடங்கும். அந்த எரிச்சலுக்கு ஒரு குழாய் வைத்தால் சின்னதாக ஒரு சூளையே நடத்தலாம் என்பது அவன் மனைவி சிநேகாவின் கருத்து.

இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே மேசையில், ஒரே வாளித் தண்ணீரில் மண் பிசைந்தவர்கள். செய்த பொருள் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அதில் கன்னத்தை வைக்க வேண்டும் என்பதை ஒரே நாளில், ஒரே வாத்தியாரிடம் கற்றுக்கொண்டவர்கள். கை ஏமாறும், கன்னம் ஏமாறாது. உள்ளே ஈரம் இருந்தால் ஜில்லென்று இருக்கும். ஈரத்தோடு சூளைக்குள் போனால் அந்தத் தண்ணீர் ஆவியாகி, பொருள் வெடிக்கும். தான் மட்டும் போகாது, பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். படிப்பு அவ்வளவுதான். இதற்கு மேல் ரஞ்சிதாவுக்கு என்ன தெரிந்துவிட்டது என்பது பதினைந்து வருடமாக ஜெபக்குமாருக்குப் புரியவில்லை.

அவள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரி. கரையில் ஒதுங்கும் அறுந்த வலைகளை ஈர மண்ணில் அழுத்திச் சங்கு செய்வாள். சூளையில் வலை எரிந்துபோகும். வலையின் கண்கள் மட்டும் சங்கின் மேல் வரிவரியாக நின்றுவிடும். அப்படி ஒரு சங்கு கொரியாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஜெபக்குமார் பங்குனி ஆமை எனப்படும் கடலாமையைச் செய்வான். தை, மாசியில் கரையில் செத்து ஒதுங்கும் ஆமைகளை அளவெடுத்து, உடைந்த பாட்டில் கண்ணாடியும் அரைத்த கிளிஞ்சலும் மண்ணில் கலந்து, ஓட்டின் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகச் செய்து சேர்ப்பான். அப்படி ஓர் ஆமை கேளம்பாக்கத்தில் ஒரு பல் மருத்துவர் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் முதுகில் குடை வைப்பார்கள்.

அவனுக்கு இருந்த பெரிய குறை சூளை. கேளம்பாக்கத்து அடுக்ககத்தில், தன் பால்கனியில், ஒரு சிறிய மின்சூளை வைத்திருந்தான். அதைப் போட்டால் பி பிளாக் லிப்ட் நின்றுவிடும். ஒருநாள் சிறுசேரி கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தபடி வேலை பார்த்த பதினோரு பேர் ஒரே நேரத்தில் இருட்டில் உட்கார நேர்ந்தது. மறுநாள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளரம்மா வந்து, “உங்க ஆமை வேகறதுக்கு எங்க பசங்க வேலை போவணுமா தம்பி?” என்று கேட்டார். சூளை போயிற்று. அதற்குப் பிறகு ஜெபக்குமார் சுடாத ஆமைகளை லோடு ஆட்டோவில் ஏற்றி, செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குக் கொண்டுபோவான். போகிற வழியில் வேகத்தடைகள் இருபத்தேழு. ஆமையாகப் புறப்படுவது பாதி நாள் ஓடாகத்தான் போய்ச் சேரும்.

ஆகவே, நீடித்த கடற்கரைக் கலை ஆணையத்தின் அறிவிப்பு வந்தபோது அவன் அதை நின்றுகொண்டே படித்தான். ஒரு சிற்பிக்கு ‘பசுமைச் சிற்பி’ பட்டம். கூடவே, ஆணையத்தின் கடலோரச் சூளைக்கூடம், பத்து ஆண்டுகளுக்கு, அவருக்கே. புத்தம் புதிய எரிவாயுச் சூளை. உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம்.

“அவங்களும் போடுவாங்க,” என்றாள் சிநேகா.

“யாரு?”

“ஏன், உனக்குத் தெரியாதா? நீ ஆமையைப் பார்க்கறதைவிட அவங்க போஸ்ட்டைத்தான அதிகமா பார்க்கற.”

ஆணையத்தின் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. கடல் அதற்கு எண்பது அடி தூரம்தான். காற்று வந்தால் கோப்பு பறக்கும் என்று ஒரு ஜன்னலையும் திறக்கும்படி வைக்கவில்லை. உள்ளே பதினெட்டு டிகிரி. அலுவலர்கள் எல்லாரும் கைத்தறிச் சால்வை போர்த்தியிருந்தார்கள். இதனால் நெசவாளர் குடும்பங்கள் பயன்பெறுவதாக வாசலில் பலகை இருந்தது. விண்ணப்பம் அறுபத்து நாலு பக்கம். ஒருபக்கம் மட்டும் அச்சடித்து, ஆறு பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தர வேண்டும். மரங்களைக் காப்பது பற்றிய கேள்விகள் நாற்பதாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தன.

முதல் சிக்கல் மண்ணின் பூர்வீகச் சான்று. மண் எந்த ஊர் மண் என்று அந்த ஊர் அலுவலகத்தில் எழுதி வாங்க வேண்டும். அவன் மண் எடுப்பது செங்கல்பட்டுப் பக்கத்தில் ஓர் ஏரியில். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவருக்கு மண்ணுக்கென்று தனிப் படிவம் வந்திருக்கவில்லை. மனிதர்களுக்கு உள்ளதைத் திறந்தார்.

“அப்பா பேரு?”

“என்னோடதா?”

“மண்ணோடது சார்.”

ஜெபக்குமார் யோசித்தான். “ஏரின்னு போடுங்க.”

“ஏரி அப்பாவா, அம்மாவா? அம்மான்னா வேற கட்டம்.”

“அப்பாவே இருக்கட்டும்.”

“உயிரோட இருக்காரா?”

ஜெபக்குமார் ஜன்னல் வழியாக ஏரி இருந்த திசையைப் பார்த்தான். அங்கே மனைப்பிரிவுக் கொடிகள் பறந்துகொண்டிருந்தன. “இப்போதைக்கு இருக்காரு,” என்றான்.

மூன்று நடை நடந்து சான்று வாங்கினான். வாங்கும்போது அவர் ஆர்வமாகக் கேட்டார்: “ரஞ்சிதா மேடத்தைத் தெரியுமா சார்? போன்ல பார்த்தேன். அவங்க மண்ணும் நம்ம ஏரிதான். நானே வூட்டுக்குக் கொண்டுபோய்க் குட்த்துட்டு ஒரு செல்பி எடுத்துகினு வந்தேன்.”

ஏரி ஒன்றுதான். அப்பா பெயரும் ஒன்றுதான். இருந்தும் பாருங்கள்.

இரண்டாவது, கரித்தடத் தணிக்கை: சிற்பம் செய்ததில் எவ்வளவு கரியமிலவாயு வெளியேறியது என்ற கணக்கு. சான்றளிப்புப் பிரிவின் அலுவலர் வச்சலா சென்னையிலிருந்து காரில் வந்தார். லேப்டாப் சூடாகிவிடக் கூடாதென்று, அவர் மேலே இருந்த ஒன்றரை மணி நேரமும் கார் கீழே ஏசியோடு ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப் காருக்குள் இருந்தது. அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

“ஆமை செய்யறப்ப எத்தனை மணி நேரம் மூச்சு விட்டீங்க?”

“செஞ்ச நேரம் முழுக்க விட்டேன் மேடம்.”

“சாதா மூச்சா, பெருமூச்சா? பெருமூச்சுக்கு ஒன்று புள்ளி நாலால பெருக்கணும்.”

சமையலறையில் சிநேகா இருமினாள்.

“பெருமூச்சே விடலை,” என்றான் ஜெபக்குமார்.

“ரஞ்சிதா மேடமும் சைபர்னுதான் போட்டிருக்காங்க. சாதா மூச்சையே பாதியாக் குறைச்சுட்டாங்களாம். பிராணாயாமம் தெரியுமாம்.”

வந்த பெருமூச்சு ஒன்றை ஜெபக்குமார் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டான். பிறகு, சும்மா ஒரு சந்தேகம் கேட்கிறவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, “அவங்க பதிக்கிற வலை நைலான்தானே மேடம்? சூளைல எரிஞ்சு புகையாத்தானே போகுது?” என்றான்.

“கடலை விட்டு வெளிய வந்துடுச்சில்ல?”

“வந்து காத்துல கலந்துடுச்சே.”

“காத்து எங்க எல்லைல வராது சார். நாங்க கடற்கரை ஆணையம். கடல் பக்கம் நூறு மீட்டர், தரைப் பக்கம் ஐநூறு மீட்டர். மேல் பக்கம் எங்களுக்கு அதிகாரமே கிடையாது.”

விண்ணப்பித்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மண்ணின் அப்பா பெயரிலேயே நூற்றெழுபது பேர் போய்விட்டார்கள். மூச்சுக் கணக்கில் மீதி. கடைசியில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஆணையத்தின் இயக்குநர் பிரவின்குமார் நாற்பது நாற்காலி போட்ட கூடத்தில் ஒலிபெருக்கி பிடித்துப் பேசினார்.

“நான் கலைஞன் அல்ல. இந்தக் கரையில் அறுபது வில்லாக்கள் கட்டி விற்றவன். அறுபதாவது வில்லாவை விற்றபோதுதான் கடற்கரை எவ்வளவு குறைந்துவிட்டது என்பதை நேரில் உணர்ந்தேன். மிச்சம் இருப்பதையாவது ஏதேனும் ஓர் ஆணையத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று அன்றைக்கு எடுத்த முடிவுதான் இது.” கைதட்டல் சால்வைக்குள்ளிருந்து மெதுவாக வந்தது. “இறுதிச் சுற்றில் ஒரு புது விதி. இரண்டு சிற்பங்கள், ஒரே சூளை, ஒரே நெருப்பு. எரிவாயு பாதி மிச்சம்.”

ரஞ்சிதா முன்வரிசையிலிருந்து திரும்பிச் சிரித்தாள். “இன்னாடா ஜெபா, எளைச்சுட்ட? நல்லாகீறியா?”

“நல்லா இருக்கேன் ரஞ்சி. கொரியா பார்த்தேன். பெருமையா இருந்துச்சு.”

“ஆமா, மொத ஆளா மெசேஜ் அனுப்பியிருந்த. எப்பவும் நீதான்டா மொதல்ல.” அவள் அதை எப்படிச் சொன்னாள் என்று வீடு போகும்வரை யோசித்துக்கொண்டே போனான்.

அடுத்த மூன்று வாரம் ஐப்பசி மழை. துணியே காயாத காலத்தில் மண் எங்கே காயும். ஆமை இரண்டரை அடி. கனமும் வளைவும் நன்றாக வந்திருந்தன. அப்படியே விட்டிருந்தால் மழையிலும் மெல்ல மெல்லக் காய்ந்திருக்கும். ஆனால் கடைசி வாரத்தில் ரஞ்சிதா ஒரு படம் போட்டாள். சங்கின் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். படத்தை விரலால் பெரிதாக்கி, அவள் உயரத்தைக் கல்லூரிக் காலத்திலிருந்து நினைவுக்குக் கொண்டுவந்து வகுத்துப் பார்த்ததில், சங்கு மூன்றடி என்று தெரிந்தது. ஜெபக்குமார் அன்று மாலையே ஆமையின் அடிவயிற்றில் மூன்று விரல் கனத்துக்கு மண் அப்பி, கீழே ஒரு மணல் மேடும் வைத்து, அதை மூன்றடி ஓர் அங்குலம் ஆக்கினான். அது காய்ந்ததா என்று கன்னம் வைத்துப் பார்க்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை. சங்கு அதற்குப் பிறகு வளர்ந்திருக்கிறதா என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

சூளைக்கூடத்தில் இருந்தவர் பக்தவச்சலம். அறுபது வயது. படகை மகன்களிடம் விட்டுவிட்டுச் சூளையை இயக்க வந்தவர்.

“பயப்படாத சார்,” என்றார் ஜெபக்குமாரிடம். “எனுக்கு மூணு நாள் டிரெய்னிங் குட்த்தாங்க. ரெண்டு நாளு யோகா, மூணாவது நாளு குரூப் போட்டோ.”

ஜெபக்குமார் அவர் பேச்சைக் கவனிக்கவில்லை. சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வெள்ளைக் கம்பளி விரித்ததுபோல வெப்பக் காப்பு. நாலு பக்கமும் எரிப்பான். கதவு ஒரு விரல் தள்ளலுக்கு ஓசையில்லாமல் மூடியது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவன் இவ்வளவு வெட்கத்தோடு நின்றதில்லை. தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தான். திரும்பினால், எதிர்ப் பக்கம் ரஞ்சிதா எரிப்பானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தாங்க, இது ஒண்ணு கீது,” என்று பக்தவச்சலம் இரண்டு தாள்களை நீட்டினார். தலைப்பு: ‘ஈரமில்லை உறுதிமொழி.’ “அவங்களோடத நீ பார்த்து, காஞ்சிக்கீதுன்னு கையெழுத்து போடணும். உன்னோடத அவங்க.”

“அவங்கவங்க பொருளுக்கு அவங்கவங்க போட்டா என்ன?”

“நடுநிலையாம் சார். தனக்குத் தானே போட்டுக்கினா மனுசன் பொய் சொல்லுவானாம்.”

ஜெபக்குமார் குனிந்து சங்கின் நடுவில் கன்னத்தை வைத்தான். காய்ந்திருந்தது. இன்னும் குனிந்து அடிப்பாகத்தில் வைத்தான். ஜில்லென்று இருந்தது. கிணற்றுச் சுவரில் முகத்தை வைத்தது மாதிரி. 

அவன் கன்னத்தை எடுக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும்? ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். சங்கு காயும். சூளையிலிருந்து முழுதாக வெளியே வரும். வந்தால், பக்கத்தில் ஆமை நிற்கும், சங்கும் நிற்கும். எல்லாரும் எதைப் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஏனென்றால் அவனே அதைத்தான் பார்ப்பான். வலையின் கண்கள் உதட்டருகே சிறுத்து, வயிற்றில் விரிந்து, மறுபடி நுனியில் சிறுத்திருந்தன. கன்னத்தில் அது பதிந்திருந்தது.

நிமிர்ந்தான். ரஞ்சிதாவும் அப்போதுதான் ஆமையின் அடியிலிருந்து நிமிர்ந்தாள். அவள் கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது.

“சூப்பரா காஞ்சிருக்குடா,” என்றாள்.

“உன்னோடதும்தான்.”

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“அண்ணாத்த,” என்றான் ஜெபக்குமார், “ரெண்டையும் ஆளுக்கு ஒரு மூலையில வைங்க. நடுவுல ஒரு தடுப்புத் தட்டு நிறுத்திடலாம்.”

“நானும் அதான் சொல்லலாம்னு இருந்தேன்,” என்றாள் ரஞ்சிதா உடனே. “ரெண்டு தட்டா நிறுத்துங்கண்ணா.”

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவன் யோசித்திருக்கலாம். அவனுக்கு அப்போது வேறு சந்தோஷம் இருந்தது.

காலை எட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். பத்தரைக்கு உள்ளே ஒரு சத்தம். ஜெபக்குமார் வருத்தப்பட்ட முகத்தோடு ரஞ்சிதாவைப் பார்த்தான். அவளும் வருத்தப்பட்ட முகத்தோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகங்கள் கலைவதற்குள் இன்னொரு சத்தம். பிறகு தட்டுகள் சரியும் சத்தம்.

“நிறுத்துங்க அண்ணாத்த,” என்றான் ஜெபக்குமார். இப்போது முகத்தில் நடிப்பு இல்லை.

“நிறுத்தற பட்டன் தோ கீது. ஆனா அது மேல பூட்டு போட்டுக்கீறாங்க. பாதுகாப்புக்கு. சாவி டைரக்டராண்ட. எழுதிக் குட்த்தாதான் தருவாரு.”

இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். கூட்டங்களைக் குறைப்பது பற்றிய மூன்று நாள் கூட்டம் அது. நெருப்பு தன் போக்கில் ஆயிரத்து இருநூறு டிகிரி வரை போய், தானே திருப்திப்பட்டு அணைந்தது.

மறுநாள் கதவைத் திறந்தபோது உள்ளே தரை முழுக்க ஓடு. எது ஆமை, எது சங்கு, எது தட்டு என்று பிரிக்க முடியாமல் ஒரு குவியல். ஜெபக்குமார் ஒரு துண்டை எடுத்தான். தன் ஆமையின் அடிவயிறு. தடித்த மண் ஏடு ஏடாக உரிந்து நின்றது. வேறொன்று வந்து இடித்து உடைந்தால் அப்படி உரியாது. ஈரத்தில் தானே வெடித்தால்தான் உரியும். அப்படியானால் ரஞ்சிதா கன்னத்தை வைத்தபோது அது ஜில்லென்று இருந்திருக்க வேண்டும். தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு கலைஞருக்கு இவ்வளவு கேவலமான புத்தியும் இருக்குமா என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. கூடப் படித்தவனிடமே இப்படியா?

இயக்குநர் வந்தார். குவியலைப் பார்த்தார். விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மண்ணில் நட்டால் முளைக்கிற விதைத்தாளில் அழைப்பிதழ் அச்சடித்து, முளைத்துவிடாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஐந்நூறு பேருக்கு அனுப்பியாகிவிட்டது. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“அற்புதம்,” என்றார். “சிற்பம் தன்னைத் தானே மறுசுழற்சி செய்துகொண்டிருக்கிறது. உலகத்தில் எந்த ஆணையத்திலும் இது நடந்ததில்லை. வெடித்ததுதான் படைப்பு.”

ஜெபக்குமாரின் தலை நிமிர்ந்தது. ரஞ்சிதாவின் தலையும்.

“ஆனால் பட்டம் ஒருவருக்குத்தான். எது முதலில் வெடித்ததோ அதுவே மூலப் படைப்பு. இரண்டாவது வெடித்தது அதன் பாதிப்பு. நாளை விசாரணை.”

விசாரணைக் கூடத்தில் முதல் சாட்சி பக்தவச்சலம். குளிருக்கு அவருக்கும் ஒரு சால்வை கொடுத்திருந்தார்கள்.

“ரெண்டு சத்தம் சார். மொத டமால். அப்பால டொம்.”

“டமால் ஆமையா, சங்கா?”

“உள்ள ஒக்காந்துகினா சார் இருந்தேன்?”

“சத்தத்தின் தன்மையை வைத்துச் சொல்லுங்கள். ஆமை வெடித்தால் எப்படி இருக்கும்?”

“நாப்பது வருசம் கடலுக்குப் போனேன் சார். ஒரு ஆமைகூட வெடிச்சு நான் பார்த்ததில்ல.”

“பதிவு செய்யுங்கள்,” என்றார் இயக்குநர் வச்சலாவிடம். “சாட்சி ஆமைக்குச் சாதகமாக இல்லை.”

ஜெபக்குமார் எழுந்துவிட்டான். “ஆமைதான் சார் மொதல்ல. அடிவயித்துல கடைசி வாரம் மூணு விரல் கனத்துக்கு மண் வெச்சேன். காயவே இல்லை. வெடிக்காம எங்க போகும்?”

“சார், அவன் மூணு விரல். நான் ஒரு கை,” என்றாள் ரஞ்சிதா. “இவன் ஆமை போன வருசத்தைவிடப் பெருசாயிருக்கும்னு தெரிஞ்சு, சங்குக்கு அடில மேடை கட்டினேன். அன்னிக்கின்னு தார்ப்பாய் ஒழுகிப்போச்சு. சொதசொதன்னு இருந்துச்சு. அவனையே கேளுங்க, கன்னம் வெச்சுப் பார்த்தான்.”

எல்லாரும் ஜெபக்குமாரைப் பார்த்தார்கள். அவன் நாக்கில் ஒரே ஒரு ‘ஆமா’ இருந்தது. அதைச் சொன்னால் சூளை அவளுக்கு. அந்தத் தாழ்ப்பாள், அந்த வெள்ளை உள்சுவர், பத்து வருடம்.

“நல்லாக் காஞ்சிருந்துச்சு சார்,” என்றான். “கையெழுத்தே போட்டிருக்கேன்.”

“பொய் சொல்றான் சார்.”

“சரி, நீ சொல்லு ரஞ்சி. என் ஆமை எப்படி இருந்துச்சு? ஜில்லுன்னு இருந்துச்சா, இல்லியா?”

ரஞ்சிதா அவனைப் பார்த்தாள். ஒரே வாளித் தண்ணீரில் கை கழுவியவள் பார்க்கிற பார்வை.

“பாலைவனம் மாதிரி இருந்துச்சு சார்,” என்றாள்.

இயக்குநர் இரண்டு தாள்களையும் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அமைதி பரவியது. எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். கூடத்தில் ஆறு பேர் இருந்தோம் என்று பக்தவச்சலம் பிற்பாடு சொன்னார்.

“சங்கு காய்ந்திருந்தது. கலைஞர் ஜெபக்குமார் சான்றளித்திருக்கிறார், இப்போதும் உறுதிசெய்கிறார். ஆமை காய்ந்திருந்தது. கலைஞர் ரஞ்சிதா சான்றளித்திருக்கிறார், உறுதிசெய்கிறார். காய்ந்தது வெடிக்காது என்பது உங்கள் அறிவியல். ஆகவே எதுவும் வெடிக்கவில்லை.”

“சார், உள்ள ஓடா கொட்டிக் கெடக்குதே,” என்றார் பக்தவச்சலம்.

“அது பார்வை. இது பதிவு.” இயக்குநர் தாளை உயர்த்திக் காட்டினார். “சிந்தித்துப் பாருங்கள். சற்றுமுன் இரண்டு கலைஞர்கள் தங்கள் வாயாலேயே வெடித்தது என்றார்கள். அந்த வெடிப்பை நடக்காததாக ஆக்கியது எது? இந்த ஒரு தாள். மண் எடுக்கவில்லை. நெருப்பு வைக்கவில்லை. மூச்சு, மிகக் குறைவு. இதைவிடப் பசுமையான ஒரு படைப்பை இந்தக் கரையில் நான் பார்த்ததில்லை. இதை வடிவமைத்தவர் யார்?”

வச்சலா சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

விழா சொன்ன நாளில் நடந்தது. பசுமைச் சிற்பி பட்டம் சான்றளிப்புப் பிரிவுக்குப் போயிற்று. சூளைக்கூடத்தில் அவர்களுக்கு இடம் ஒதுக்கி, அன்றே இரண்டு ஏசி மாட்டினார்கள். மாலையில் ஜெபக்குமாரும் ரஞ்சிதாவும் ஓடுகளை எடுக்கப் போனபோது சூளைக் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையிலிருந்து கூரைவரை கோப்புகள்.

“கோப்பு வெக்கறதுக்குத் தீப்புடிக்காத எடமா வோணும்னாங்க,” என்றார் பக்தவச்சலம். “இதைக் காட்டினேன். ஆடிப்பூட்டாங்க.” இரண்டு சாக்குகளைக் கொண்டுவந்து வைத்தார். ‘சிற்பங்கள் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டன’ என்று எழுதிய தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் நிறுத்தம். மழை விட்டிருந்தது. அணுபுரத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஒன்று தண்ணீரை இறைத்துவிட்டுப் போயிற்று. சாக்குகளுக்கு இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஜில்லுன்னுதானே இருந்துச்சு?” என்றான் ஜெபக்குமார்.

“ஐஸ் மாதிரி. உனுக்கு?”

“கிணறு மாதிரி.”

“சொல்லியிருக்கலாம் இல்ல.”

“நீ சொன்னியா?”

அவள் சாலையைப் பார்த்தாள். “சொல்லிட்டா காய வெச்சுக் கொண்டாந்துடுவ. அந்த ஓட்டுச் சில்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா செஞ்சு சேக்கறியே, அது எனக்குக் காலேஜ்லயே வராது. உன் ஆமை முழுசா வெளிய வந்தா எவன்டா சங்கைப் பார்ப்பான்?”

பதினைந்து வருடமாக ஜெபக்குமார் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. ஆனால் அந்த நேரத்தில் அவன் கை, பழக்கத்தில், சாக்கிலிருந்து ஓர் ஓட்டை எடுத்திருந்தது. அவளுடையது. வலையின் கண்கள் சிறுத்து, விரிந்து, உடைந்த விளிம்பில் நின்றிருந்தன. விரல் முட்டியால் தட்டினான். நன்றாக வெந்த ஓட்டில்தான் அந்தச் சத்தம் வரும். கோயில் மணிபோல் நீண்டு, தேய்ந்து, இன்னும் கேட்கிறதா இல்லையா என்று காதை ஏமாற்றிவிட்டு நின்றது. தன் ஆமையின் சில்லு ஒன்றை எடுத்துத் தட்டினான். டொக்.

இன்னொரு சில்லு. டொக்.

அவளுடையதை மறுபடி தட்டாமல் கவிழ்த்து வைத்தான்.

“எப்படி வெந்திருக்கு என்னோடது?” என்று ரஞ்சிதா கேட்டாள்.

“சரியா வேகலை ரஞ்சி.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டுப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

“கையெழுத்துப் போட்டுத் தர்றியாடா?” என்றாள்.